மேல்மாடிக் குழாயில் வந்த வாசம்

என் மனைவி போய் மூன்று வருடமான பிறகும் வாடிக்கையாளர்கள் அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனை எடுத்து ஹலோ சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு தயக்கம் வரும். "அக்கா இல்லையா?" என்பார்கள். நான் உரிமம் வாங்கிய பிளம்பர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் குழாயை நான் பார்த்தேன், போனை அவள் பார்த்தாள். யார் வீட்டில் நிஜமாகவே தண்ணீர் தரையில் ஓடுகிறது, யார் சும்மா பதறுகிறார்கள் என்பது அவளுக்குக் குரலைக் கேட்டாலே தெரிந்துவிடும். எனக்கு அந்தக் காது கிடையாது. அது இல்லாததால் ஒரு தவறு செய்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

புக்கிட் மேராவில் எங்கள் மூவறை வீட்டில் இப்போது நான் மட்டும்தான். மகள் கல்யாணமாகி பொங்கோலில் இருக்கிறாள். அவளுக்கும் வேலை, குழந்தை, ஓட்டம். வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது காரணம் கண்டுபிடித்து அவளைக் கூப்பிடுவேன். போனில் எழுத்து சின்னதாகிவிட்டது, எப்படிப் பெரிதாக்குவது? கிளினிக் அப்பாயின்ட்மென்டை எப்படி மாற்றுவது? எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். அவள் பொறுமையாகச் சொல்லித் தருவாள். "சரியாயிடுச்சா அப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். மொத்தம் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்காக மூன்று நாள் காரணம் யோசித்த வாரங்கள் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் லிட்டில் இந்தியாவிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார். சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்னத் தெருவில் பழைய கடைவீடு. கீழே சாப்பாட்டுக் கடை. பக்கவாட்டில் ஒரு செங்குத்தான மரப்படி. மேலே ஏறினால் அவர் தனியாகக் குடியிருந்தார். எழுபது வயதை ஒட்டி இருக்கும். குரலில் சுற்றி வளைக்கிற பேச்சு இல்லை.

"தம்பி, குழாய்த் தண்ணியில வாசம் அடிக்குது. தரை துடைக்கிற மருந்து வாசம். வந்து பாருங்க."

போனேன். குழாயைத் திறந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. குளோரின் அளவு பார்க்கிற சின்னக் கருவி என்னிடம் உண்டு, அதிலும் எல்லாம் சரியாகவே காட்டியது. முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமில்லை.

"இப்ப இல்ல. காலையில இருந்துச்சு," என்றார். ஒரு டம்ளரில் பிடித்து நீட்டினார். "குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். நல்ல தண்ணீர். குழாய் வாயிலிருந்த வலையைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டுக் கிளம்பினேன். நான் படி இறங்கும்போது அவர் மேலே ஜன்னலருகே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் கதவைத் திறக்கும்வரை பார்த்தார். பாவம், வீட்டுக்கு ஒருத்தர் வந்து போனதே அவருக்குப் பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை பழைய குழாயையே கழற்றிவிட்டுப் புதிது போட்டேன். அப்போதும் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை.

"பக்கத்து வீட்டுல இடிச்சுக் கட்டுறாங்கல்ல, அவங்க வேலை செய்யுற அன்னிக்குத்தான் வருது," என்றார்.

"தூசி கெளம்பும்ல அம்மா, அதான் மூக்குல ஏறி அப்படித் தோணுது," என்றேன்.

அவர் குழாயை மூடினார். நான் கருவிகளைப் பையில் வைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். என் மனைவி போனை எப்படிக் கவனிப்பாள் என்று ஆரம்பித்து, அவள் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி மாதம்வரை வந்துவிட்டேன். அந்த அம்மா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை மட்டும் குழாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பும்போது வேனில் மனசு லேசாக இருந்தது. அவருக்கு நல்ல பேச்சுத்துணை கிடைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது போகிற வழியில் சூடாக நாலு வடை வாங்கிக்கொண்டேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"சும்மாதான், அம்மா."

அதை வாங்கி மேசை ஓரத்தில் வைத்தார். பிரிக்கவில்லை. நான் தண்ணீரைத் திறந்து ஒப்புக்கு முகர்ந்து பார்த்துவிட்டு, என் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

நாலாவது போன் வந்தபோது நான் தெம்பனிஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன். மகளிடம் நான் செய்கிற வேலையைத்தான் இந்த அம்மா என்னிடம் செய்கிறார் என்று முடிவுகட்டியிருந்தேன். அவருக்கு வாசம், எனக்குப் போன் எழுத்து. அதனால் எனக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்திருந்தது.

"அம்மா, தண்ணியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க ஒண்ணும் காரணம் சொல்ல வேணாம். ஞாயித்துக்கிழமை நான் சும்மா வந்து பேசிட்டுப் போறேன், சரியா?"

அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"சும்மா வர வேணாம்," என்றார். போனை வைத்துவிட்டார்.

கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். மூன்றாவது ஞாயிறு காய்கறி வாங்கப் போகிற சாக்கில் அந்தத் தெருவுக்குப் போனேன். சாப்பாட்டுக் கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே சமையல் வேலை பார்க்கும் ஒருவர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். நடுத்தர வயது, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு.

"மேல்வீட்டு அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. போன வாரம் பூரா வாந்தி. தனியாத்தான் பாலிகிளினிக் போயிட்டு வந்தாங்க. படியில ஒரு ஒரு படியா உக்காந்து உக்காந்து ஏறுனாங்க. நான்தான் பையைத் தூக்கிட்டுப் போனேன்."

டீயை அப்படியே வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

கதவைத் திறந்தவரின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, கதவைத் திறந்தே வைத்துவிட்டு நடந்தார். சமையலறையில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்கள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. ஜன்னல் விளிம்பில் மூடி போட்ட ஊறுகாய்ப் பாட்டில்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் தண்ணீர். ஒவ்வொரு மூடியிலும் ஒட்டுத்தாளில் தேதியும் நேரமும்.

"உங்களுக்குப் போன் பண்ணி, நீங்க சிரிச்சீங்கல்ல. அதுக்கப்புறம் பிடிச்சு வச்சேன்," என்றார். ஓரத்திலிருந்த பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "முகர்ந்து பாருங்க."

மூடியைத் திறந்தேன். பைன் வாசம். தரை கழுவுகிற கிருமிநாசினி. தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. சந்தேகமே இல்லை.

"முப்பது வருஷம் பிளேன்ல குடுக்கிற சாப்பாடு சமைக்கிற எடத்துல வேலை பார்த்தேன், தம்பி. ருசி பார்த்துச் சொல்றதுதான் என் வேலை. உப்பு ஒரு சிட்டிகை கூடினா சொல்லிடுவேன். எனக்குத் தூசிக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாதா?"

நான் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினேன்.

"மூணு தடவை வந்தீங்க. ஒரு தடவையாவது பின்பக்கம் போயி, குழாய் எங்கேருந்து வருதுன்னு பார்ப்பீங்களான்னு ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். நேரா வேன்ல ஏறிப் போயிட்டீங்க."

"நான் என்ன நினைச்சேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். பேச ஆளில்லாம கூப்பிடுறேன்னு நினைச்சீங்க." குரல் உயரவே இல்லை. "எனக்குப் பேச ஆள் வேணாம். நான் தனியா இருந்து பழகினவ, எனக்கு அது பிடிச்சிருக்கு. எனக்குத் தண்ணிதான் வேணும். பேச ஆள் வேணும்னது நீங்க."

பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தேன். படி இறங்கிப் பின்சந்துக்குப் போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம்.

சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில், தரையோடு ஒட்டினாற்போல ஒரு குழாய். அதில் மாட்டிய ரப்பர் ஹோஸ் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் போய் அடிவரை முங்கியிருந்தது. பீப்பாயில் தரை கழுவக் கலக்கிய மருந்துத் தண்ணீர். குழாய் பாதி திறந்தபடியே இருந்தது. ஹோஸின் முனையில் கைப்பிடி அடைப்பான் ஒன்று இருந்தது, அதனால் யாரும் குழாயை மூடுவதில்லை. அடைப்பானோ தேய்ந்து, இடுக்கு விட்டுக் கிடந்தது. கடைக்கும் மேல்வீட்டுக்கும் இடித்துக் கட்டுகிற பக்கத்து வீட்டுக்கும் ஒரே இணைப்புக் குழாய்தான் வந்தது. பக்கத்து வீட்டில் வேலை செய்தவர்களிடம் கேட்டேன். குழாய் வெட்டும் நாளெல்லாம் மூன்றுக்கும் பொதுவான வாசல் வால்வை மூடி, உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வெட்டுவார்களாம்.

இதைவிடத் தெளிவாக ஒரு பிளம்பருக்கு யாரும் எழுதிக் காட்ட முடியாது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியேதான் வரும். அழுத்தம் விழுந்து, குழாய் காலியானால், வெளியே எந்த வாய் தண்ணீருக்குள் முங்கியிருக்கிறதோ அங்கிருந்து உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிற மாதிரிதான். பிறகு வால்வைத் திறந்ததும், உறிஞ்சிய அழுக்கைப் புதுத் தண்ணீர் தள்ளிக்கொண்டு மேலே ஏறும். முதலில் குழாயைத் திறக்கிறவருக்கு அது கிடைக்கும். உரிமப் பரீட்சைக்கு நான் இதைப் படித்து எழுதியிருக்கிறேன்.

கடை முதலாளி நம்பவில்லை. நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதர்தான். ஆனால் வியாபார நேரத்தில் வந்து நிற்கிறவனை யார் நம்புவார்கள்?

"குழாயிலேருந்து தண்ணி வெளிய வரும்ண்ணே. வெளிய இருக்கிற தண்ணி குழாய்க்குள்ள எப்படிப் போகும்? அந்த அம்மாவுக்கு வயசாயிடுச்சு லா."

நானும் அதைத்தானே இத்தனை நாள் நினைத்தேன்? அதனால் அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.

"உங்ககிட்ட ரோஸ் சிரப் இருக்கா?" என்று கேட்டேன்.

பண்டோங் என்கிற ரோஸ் பால் கலக்க வைத்திருந்த பாட்டிலைக் கொடுத்தார். மருந்துத் தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். கழுவிய வாளி ஒன்றில் நல்ல தண்ணீர் பிடித்து, அதில் சிரப்பை ஊற்றிக் கலக்கினேன். வேனிலிருந்த புது ஹோஸை அந்தக் குழாயில் மாட்டி, முனையை வாளிக்குள் முக்கினேன். கடையிலும் பக்கத்து வீட்டிலும் யாரும் தண்ணீர் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். வாசல் வால்வை மூடினேன். பக்கத்து வீட்டில் அவர்கள் வடிக்கிற இடத்திலேயே வடித்தேன். சமையல்காரர் வாளியருகே குந்தியிருந்தார்.

"அண்ணே, எறங்குது!" என்று கத்தினார். "வாளியில தண்ணி எறங்குதுண்ணே!"

முதலாளி ஓடிவந்து பார்த்தார். யாரும் தொடாத வாளியில் ரோஸ் தண்ணீர் விரல் விரலாகக் குறைந்துகொண்டிருந்தது. வடிகுழாயை அடைத்தேன். முதலாளியை மேலே அனுப்பிவிட்டு வாசல் வால்வைத் திறந்தேன். பிறகு நானும் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா குழாயைத் திறந்து வைத்திருந்தார். முதலில் காற்று துப்பியது. பிறகு வெள்ளைத் தொட்டிக்குள் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் விழுந்தது. முதலாளி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். அந்த அம்மா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. விரலை நீட்டித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ரோஸ் சிரப்," என்றார். "மட்டமான சிரப்."

முதலாளி சிரிக்கவில்லை. "என் கடையில மேசைக்கு மேசை வைக்கிற ஜக்குத் தண்ணியும் இதே குழாய்தான்ண்ணே," என்றார். "என் புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து இங்கதான் தண்ணி குடிக்கும்." கீழே இறங்கிப் போய் அன்றைக்குக் கடையை மூடிவிட்டார். நான் சொல்லவில்லை. அவராகவே மூடினார்.

முறைப்படி தண்ணீர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தேன். வந்தார்கள், மாதிரி எடுத்தார்கள், குழாய் முழுவதையும் கிருமிநீக்கிக் கழுவவைத்தார்கள். பின்சந்துக் குழாயை உயரத்துக்கு ஏற்றினேன். அதன் வாயில் காற்று இழுத்துக்கொள்ளும் தடுப்பைப் பொருத்தினேன். கடைக்குப் போகும் கிளையிலும் பக்கத்து வீட்டுக் கிளையிலும் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுகிற இரட்டை வால்வு போட்டேன். பீப்பாய்க்குள் எதுவும் முங்கக் கூடாது, குழாய் வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் வெறும் காற்று இருக்க வேண்டும் என்று சமையல்காரரிடம் சொன்னேன். அவர் பீப்பாயின் வெளிப்பக்கம் கறுப்புப் பேனாவால் தமிழில் எழுதி வைத்துவிட்டார்: "ஹோஸை உள்ளே விடாதே. மேலே ஆள் குடிக்கிறாங்க."

அந்த அம்மாவின் வாந்திக்கு அந்தத் தண்ணீர்தான் காரணமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. டாக்டர் அப்படி ஒன்றும் எழுதித் தரவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒருவேளை வேறு எதுவோ என்று நினைக்க முயன்றேன். முடியவில்லை.

கடைசி நாள் மன்னிப்புக் கேட்கத்தான் ஏறினேன். அவர் புதுத் தண்ணீரை டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"சரியா இருக்கு," என்றார்.

"அம்மா, நான் அன்னிக்கு..."

"நீங்க கெட்டவர் இல்ல, தம்பி. வேலைக்கு வந்த எடத்துல உங்க துக்கத்தைப் பார்த்தீங்க. என் தண்ணியைப் பார்க்கல. அவ்வளவுதான்." கதவுவரை வந்தார். "மகள்கிட்ட பேசணும்னா, பேசணும்னு சொல்லிக் கூப்பிடுங்க. எழுத்து தெரியலன்னு சொல்லாதீங்க."

மகளைப் பற்றிப் பேசிய அன்று அதையும் உளறியிருக்கிறேன். கேட்டு வைத்திருந்திருக்கிறார்.

வேனில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பொங்கோலுக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தாள்.

"என்னப்பா, போன்ல என்ன பிரச்சனை?"

"ஒண்ணுமில்ல. சும்மா உன்கிட்ட பேசலாம்னு."

"மீட்டிங்ல இருக்கேன்ப்பா. அப்புறமா கூப்பிடட்டுமா?"

"சரிம்மா."

அன்றைக்கு அவள் கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிட்டாள், பதினொரு நிமிடம் பேசினோம். பெரிய மாற்றம் என்று சொல்லமாட்டேன். ஆனால் காரணம் தேடுகிற வேலை நின்றுபோனது.

வருடத்துக்கு ஒருமுறை அந்த வால்வுகளைச் சோதிக்க வேண்டும். அடுத்த வருடம் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து, வேலை முடியும்வரை தள்ளி உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பேசவில்லை. அதற்கடுத்த வருடம் போனபோது மேலே நாலு இளைஞர்கள் குடியிருந்தார்கள், கப்பல் பட்டறை வேலைக்காரர்கள். முன்னால் இருந்தவர் எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடை முதலாளிக்கும் தெரியவில்லை. காலி செய்வதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லையாம். அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. சும்மா வர வேணாம் என்று சொன்னவரை எந்தக் காரணம் சொல்லிக் கூப்பிடுவது?

பதிலாக வேறொன்று செய்தேன். என் மனைவி போன பிறகு நான் 'ஒண்ணும் இல்லை' என்று சொல்லிவிட்டுத் திரும்பிய வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். தண்ணீரைப் பற்றிப் புகார் சொன்னவர்கள் மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள். முதல் எண் வேலை செய்யவில்லை. இரண்டாமவர் அப்போதே வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மூன்றாமவர் என் வீட்டுக்கு நாலு புளோக் தள்ளி, பத்தாவது மாடியில் இருந்த ஒரு பெரியவர். சோப்பு ருசி அடிக்கிறது என்று சொன்னவர்.

"அதுவா? அப்பவே விட்டுட்டேன்," என்றார். "கொதிக்க வச்சுக் குடிக்கிறேன். அப்பவும் அடிக்குது. பழகிப் போச்சு."

அன்று மதியமே போனேன். குளியலறைக் குழாயில் மாட்டிய ரப்பர்த்துண்டு ஒன்று துணி ஊறவைத்த வாளிக்குள் முங்கிக் கிடந்தது. அதைக் கழற்றி எடுத்தேன், குழாய்க்குத் தடுப்பு போட்டேன், சமையலறைத் தண்ணீரை வெகுநேரம் ஓடவிட்டேன். ஒரு டம்ளரில் பிடித்து அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"தண்ணி மாதிரி இருக்கு," என்றார்.

டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தேன். ஈரத் தரையைத் துடைத்தேன். அவர் சத்தத்தைக் குறைக்கவில்லை. நான் போய்வருகிறேன் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரும்வரை அந்த நீண்ட நடைபாதையில் நின்றேன்.